கசக்காத நிலவேம்பு: கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

1. சாரல்நேசன் | 21 அக்டோபர், இரவு 9.40

வணக்கம் நண்பர்களே. தென்காசிப் பக்கம் மழை பிடித்துக்கொண்டது. தெருவில் வீட்டுக்கு ஒருவர் காய்ச்சலோடு படுத்திருக்கிறார்கள். எனக்கும் மாதத் தொடக்கத்தில் மூன்று நாள் அடித்துப் போட்டது. ரத்தம் எடுத்துப் பார்த்து டெங்கு இல்லை என்றார்கள். சரி, முடிந்தது என்று நினைத்தால் அம்மா விடவில்லை. 'காய்ச்சல் உள்ளுக்குள் ஒட்டிக்கொண்டு கிடக்கும்' என்று 3ஆம் தேதியிலிருந்து காலையும் இரவும் நிலவேம்புக் கஷாயம் ஊற்றிக்கொண்டிருக்கிறார்.

சங்கதி இதுதான். முதலில் வாங்கிய பொட்டலம் நாக்கில் பட்டாலே காது மடல் வரை கசக்கும். அது தீர்ந்துபோய், 17ஆம் தேதி வேறொரு நாட்டு மருந்துக் கடையில் புதிதாக 100 கிராம் வாங்கி வந்தேன். இது கசக்கவே இல்லை! வெந்நீர் மாதிரி இறங்குகிறது. வேர் வாசனை வருகிறது, குடித்து முடித்தால் தொண்டையில் லேசாகக் காரம் நிற்கிறது, அவ்வளவுதான். கலப்படமா? வேறு ஏதாவது இலையை அரைத்துக் கொடுத்துவிட்டார்களா? வீட்டிலேயே கண்டுபிடிக்க வழி உண்டா?

ஏற்கெனவே காய்ச்சல் கண்ட வாய்க்கு ஒன்றும் பிடிக்கவில்லை. நேற்று ரசத்தில் உப்பும் இல்லை புளியும் இல்லை என்று சொல்லப்போய் வீட்டில் சின்னதாக ஒரு சண்டை. அது வேறு கதை.

2. சந்தேகப்பிராணி | 21 அக்டோபர், இரவு 9.58

கசக்காத நிலவேம்பா? கடை எங்கே இருக்கிறது என்று சொல்லுங்கள், என் மகனுக்கு மூட்டையாக வாங்கிவிடுகிறேன்.

3. மண்வெட்டி | 22 அக்டோபர், காலை 5.35

தம்பி, பொடியாக வாங்கினால் பிரம்மாவே வந்தாலும் என்ன செடி என்று சொல்ல முடியாது. செடியாக வாங்கிப் பழகுங்கள்.

நான் ஒட்டன்சத்திரம் பக்கம் அரை ஏக்கரில் மூன்று வருஷம் நிலவேம்பு போட்டவன். விதை கடுகை விடச் சிறிசு. மணல் கலந்துதான் நாற்றங்காலில் தூவ வேண்டும். ஆனியில் விட்டு, நாற்று எடுத்து நட்டால் மூன்று, நாலு மாதத்தில் பூ வந்துவிடும். முழங்காலுக்கு மேல், இடுப்புக்குக் கீழ் நிற்கும். தண்டை விரலில் உருட்டிப் பார்த்தால் உருளாது, நாலு பட்டையாக இருக்கும். பூ வெள்ளை, உள்ளே ஊதாக் கீறல். காய் நெல்லை நிமிர்த்தி வைத்த மாதிரி. காய்ந்தால் பட்டென்று வெடித்து விதையைச் சிதறிவிடும். ஒருமுறை போட்ட நிலத்தில் அடுத்த வருஷம் தானாகவே முளைத்துக் கிடந்தது. வேலி இல்லாத நிலம், ஆனாலும் ஆட்டுத் தொல்லை இல்லை. மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடும்.

பூக்கும் சமயத்தில் அறுக்க வேண்டும் என்று சொல்லித்தான் வாங்குகிறவர்கள் வருவார்கள். அப்போதுதான் இலையில் சத்து ஏறி நிற்கும். காய் முற்றி இலை கொட்டிய பிறகு அறுத்தால் வெறும் குச்சிதான். அந்தக் குச்சியை இடித்துப் பொடியாக்கினால் கசப்பு குறையத்தான் செய்யும். உங்களுக்குக் கிடைத்தது குச்சிப் பொடியாக இருக்கலாம். ஆனால் ஒரு விஷயம், குறையும் என்றுதான் சொன்னேன். கசக்கவே இல்லை என்பது எனக்கும் புதிதாக இருக்கிறது.

ஏன் விட்டுவிட்டேன் என்று கேட்பீர்கள். டெங்குச் செய்தி வந்தால் வீடு தேடி வருவார்கள். செய்தி ஓய்ந்ததும் போனை எடுக்க மாட்டார்கள். இப்போது முருங்கை.

4. கல்வம் | 22 அக்டோபர், காலை 8.10

சாரல்நேசன் ஐயா, முதலில் ஒரு தெளிவு வேண்டும். நீங்கள் வாங்கியது தனி நிலவேம்புப் பொடியா, நிலவேம்புக் குடிநீர்ச் சூரணமா? பெரும்பாலோர் இரண்டும் ஒன்று என்று நினைக்கிறார்கள். நான் பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படித்தவள், தினமும் இதே விளக்கத்தைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

நிலவேம்புக் குடிநீர் ஒன்பது சரக்கு சேர்ந்தது. நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, பற்படாகம், சுக்கு, மிளகு. எல்லாம் சம எடை. அதாவது 100 கிராம் பொட்டலத்தில் நிலவேம்பு 11 கிராம் சொச்சம்தான். முன்பு தனிப்பொடி குடித்துவிட்டு இப்போது கூட்டுச்சரக்கு குடித்தால் கசப்பு இறங்கித் தெரியும்.

கூட்டிலும் ஏமாற்று உண்டு. சந்தனம் என்ன விலை விற்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். விலாமிச்சை வேர் இப்போது காட்டில் எடுக்கிற சரக்கு அல்ல, யாராவது பயிரிட்டால்தான் உண்டு. அதற்குப் பதில் வெட்டிவேரையே இரண்டு பங்கு போடுகிறவர்கள் இருக்கிறார்கள். நிலவேம்பு மலிவான சரக்கு. அதைப் போய் யாரும் குறைக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

காய்ச்சும் முறையையும் சொல்லிவிடுகிறேன். 5 கிராம் சூரணத்துக்கு 200 மில்லி தண்ணீர், சிறு தீயில் 50 மில்லியாக வற்ற வேண்டும். வடிகட்டி மூன்று மணி நேரத்துக்குள் குடித்துவிட வேண்டும். காலையில் காய்ச்சிப் பிளாஸ்கில் ஊற்றி வைத்து இரவு குடிப்பதெல்லாம் கூடாது. டீத்தூள் மாதிரி வெந்நீரில் போட்டுக் கலக்கினாலும் சாரம் இறங்காது. நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்?

இன்னொன்று, நீங்கள் 3ஆம் தேதியிலிருந்து குடிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். காய்ச்சல் போன பிறகும் ஏன்? மூன்று நாள், ஐந்து நாள், மிஞ்சிப் போனால் ஒரு வாரம். இது டானிக் அல்ல.

5. சாரல்நேசன் | 22 அக்டோபர், காலை 8.45

நன்றி அம்மா. பொட்டலத்தின் மேல் ஒன்பது சரக்கும் அச்சிட்டிருக்கிறது. முதல் பொட்டலமும் அதே கூட்டுச்சரக்குதான். அம்மா அடுப்பில் வைத்துச் சுண்டக் காய்ச்சித்தான் தருகிறார், அளவு டம்ளர் கணக்கு. ஏன் இத்தனை நாள் என்று அம்மாவிடம் கேட்டேன். 'உன் தாத்தா மண்டலம் மண்டலமாகக் குடித்தார்' என்று பதில். தாத்தா வெற்றிலையும்தான் 60 வருஷம் போட்டார்.

6. பாலைப்பழம் | 22 அக்டோபர், காலை 10.20

வவுனியாவிலிருந்து எழுதுகிறேன். எங்கட பக்கம் இந்தப் பெயர்க் குழப்பம் இன்னும் பெரிது. சிங்களத்தில் 'பிம் கொஹொம்ப' என்று ஒரு மருந்துச் செடி இருக்கிறது. பிம் என்றால் நிலம், கொஹொம்ப என்றால் வேம்பு. நேரே மொழிபெயர்த்தால் நிலவேம்பு! ஆனால் அது நீங்கள் சொல்கிற செடி இல்லை. முன்றோனியா என்ற வேறு இனம், மெய்யாகவே வேப்பங் குடும்பத்தைச் சேர்ந்தது. காட்டில் அருமையாகத்தான் கிடைக்கும், விலையும் அதிகம். உங்கள் நிலவேம்புக்கு அங்கே 'ஹீன் பிம் கொஹொம்ப' என்று பெயர், சின்ன நிலவேம்பு மாதிரி. அசலுக்குப் பதிலாக இதைக் கொடுக்கிற வழக்கம் இங்கே உண்டு.

வேடிக்கை என்னவென்றால், உங்கள் நிலவேம்புக்கும் வேம்புக்கும் ஒரு சொந்தமும் இல்லை. அது ஆடாதோடை இருக்கிற குடும்பம். கசப்பினால் மட்டும் வேம்பு என்று பெயர் வாங்கிக்கொண்டது. எங்கட அம்மம்மாவுக்குக் காய்ச்சல் என்றால் கொத்தமல்லித் தண்ணிதான். இதைக் கண்டால் ஓடிவிடுவோம்.

7. மண்வெட்டி | 22 அக்டோபர், காலை 11.05

இங்கே மட்டும் என்ன வாழ்கிறது? சிறியாநங்கை என்று கேட்டால் இதைக் காட்டுவார்கள். பெரியாநங்கை என்று கேட்டால் ஊருக்கு ஒரு செடி. கோபுரந்தாங்கியும் இதே இனம்தான், பார்க்க வேறு மாதிரி, இலை தடித்து ரோமத்தோடு இருக்கும். வடக்கேயிருந்து வரும் சிரட்டா மூட்டையையும் நிலவேம்பு என்று விற்றதைப் பார்த்திருக்கிறேன்.

8. கல்வம் | 22 அக்டோபர், மதியம் 1.30

சிரட்டா இமயமலைச் செடி. கிராததிக்தம் என்ற வடமொழிப் பெயர் அதற்குரியது. தெற்கே அது கிடைக்காத காலத்தில் நிலவேம்பு அந்த இடத்தில் உட்கார்ந்து, பெயரையும் பாதி எடுத்துக்கொண்டது. மலையாளத்துக் கிரியாத்து என்ற பெயர் அப்படி வந்ததுதான் என்பார்கள். இரண்டுமே கடுங்கசப்பு. ஆக, சிரட்டாவைக் கலந்திருந்தாலும் ஐயாவுக்குக் கசந்திருக்க வேண்டும்.

9. வங்கத்து மருமகள் | 22 அக்டோபர், மாலை 4.15

நான் மதுரைப் பெண், கொல்கத்தாவில் வாழ்க்கைப்பட்டு 19 வருஷம் ஆகிறது. இங்கே இதற்குக் கால்மேக் என்று பெயர். கால்மேகம், கருமேகம்! மாமியார் வீட்டுக் கொல்லையில் துளசி மாடத்துக்குப் பக்கத்திலேயே நிற்கும். பச்சை இலையை அரைத்துச் சாறெடுத்து, ஏலம், கிராம்பு, பட்டை எல்லாம் பொடித்துப் போட்டுச் சின்னச் சின்ன உருண்டையாக உருட்டி வெயிலில் காயவைப்பார்கள். ஆலூயி என்பார்கள். பிள்ளைகளுக்கு வயிறு சரியில்லை, பசி இல்லை என்றால் ஒன்று. அங்கே நமக்குக் காய்ச்சல் மருந்து, இங்கே ஈரலுக்கும் வயிற்றுக்கும்.

என் மகளுக்கு முதல்முறை கொடுத்தபோது அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. துரோகியைப் பார்க்கிற பார்வை. கசக்காத கால்மேக்கை நான் கேள்விப்பட்டதே இல்லை.

10. சந்தேகப்பிராணி | 22 அக்டோபர், இரவு 8.50

எல்லோரும் செடி எது என்று துருவுகிறீர்கள். நான் அடிப்படைக் கேள்வி கேட்கிறேன். இது டெங்குவைக் குணமாக்கும் என்று யார் நிரூபித்தார்கள்?

2006ல் சிக்குன்குனியா வந்தபோது பிரபலமானது. 2012ல் டெங்கு வந்தபோது அரசே கொடுக்கத் தொடங்கியது. அதன் பிறகு ஒவ்வொரு மழைக்கும் கட்சிக்காரர்கள் அண்டா வைத்து ஊற்றுகிறார்கள். அந்த அண்டாவில் என்ன அளவு, எத்தனை மணிக்குக் காய்ச்சியது என்று கடவுளுக்குத்தான் தெரியும். 2017ல் கமல்ஹாசன், ஆராய்ச்சி முடிவு வரும்வரை நம் இயக்கத்தார் விநியோகிக்க வேண்டாம் என்று ட்விட்டரில் எழுதியதற்கு எவ்வளவு கூச்சல்! கேட்டதில் என்ன தப்பு?

டெங்குவுக்கு வைரஸைக் கொல்லும் மருந்து அலோபதியிலேயே கிடையாது. நீர்ச்சத்து குறையாமல் பார்த்துக்கொள்வதுதான் வைத்தியம். பத்தில் ஒன்பது பேருக்குத் தானாகவே சரியாகும் நோயில் எதைக் கொடுத்தாலும் 'குணமாக்கியது' என்றுதான் தோன்றும். நீங்கள் மோர் கொடுத்தாலும் சரி.

11. கல்வம் | 22 அக்டோபர், இரவு 10.05

கேட்டதில் தப்பில்லை. நானும் அண்டா விநியோகத்துக்கு எதிரிதான், வேறு காரணத்துக்காக. கர்ப்பிணி யார், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை போடுகிறவர் யார், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மருந்து எடுப்பவர் யார் என்று வரிசையில் நிற்பவரைக் கேட்காமல் ஊற்றுவது வைத்தியம் இல்லை.

ஆனால் 'ஒன்றுமே இல்லை' என்று சொல்வதும் நியாயமில்லை. ஆண்ட்ரோகிராபோலைடு என்ற கசப்புப் பொருளை 1911லேயே பிரித்தெடுத்துவிட்டார்கள். நூறு வருஷத்துக்கு மேலாக அதை ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் மூலிகைகளைப் பற்றி வெளியிட்ட தொகுதிகளில் இரண்டாவதிலேயே இந்தச் செடி இருக்கிறது. சளி, தொண்டைவலி போன்ற சுவாசத் தொற்றுகளில் நடந்த 33 சோதனைகளை, 7,175 நோயாளிகளை ஒன்றாக வைத்து 2017ல் ஒரு தொகுப்பாய்வு வந்தது. இருமலும் தொண்டைவலியும் குறைந்ததாகத்தான் முடிவு. அந்தச் சோதனைகளின் தரம் போதாது என்றும் அதிலேயே எழுதியிருந்தார்கள், அதையும் மறைக்கவில்லை. ஒன்பது சரக்குக் குடிநீரைப் பொறுத்தவரை, டெங்கு, சிக்குன்குனியா வைரஸ்கள் செல்களில் பெருகுவதை அது தடுப்பதாக 2018ல் ஓர் ஆய்வகச் சோதனை வெளியானது.

12. சந்தேகப்பிராணி | 22 அக்டோபர், இரவு 10.20

செல்லில் தடுத்தது. குப்பியில். சோப்புத் தண்ணீரும் குப்பியில் வைரஸைத் தடுக்கும்.

13. கல்வம் | 22 அக்டோபர், இரவு 10.31

சோப்புத் தண்ணீர் செல்லையும் சேர்த்துக் கொல்லும், ஐயா. செல் பிழைத்திருக்க வைரஸ் மட்டும் குறைகிறதா என்பதுதான் அங்கே பார்ப்பது. ஆனாலும் குப்பி வேறு, மனித உடம்பு வேறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். என்னிடம் வரும் காய்ச்சல்காரர்களிடம் நான் சொல்வது இதுதான்: குடிநீர் குடியுங்கள், கூடவே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். காய்ச்சல் விட்டுவிட்டது என்று நிம்மதியாக இருக்காதீர்கள், டெங்குவில் ஆபத்தான கட்டம் காய்ச்சல் இறங்கும்போதுதான் தொடங்கும். வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், கை கால் சில்லிட்டுப்போவது, இதில் ஒன்று வந்தாலும் கஷாய டம்ளரை வைத்துவிட்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள். உடம்புவலிக்கு ஆஸ்பிரின், புரூஃபன் வகையறா போடாதீர்கள்.

14. சந்தேகப்பிராணி | 22 அக்டோபர், இரவு 10.40

இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் சண்டைக்கே வந்திருக்க மாட்டேன்.

15. தோட்டத்துராசா | 23 அக்டோபர், காலை 6.50

சிறியாநங்கை வீட்டு வாசலில் இருந்தால் பாம்பு அண்டாது. அனுபவ உண்மை. பாம்பு கடித்தால் இந்த இலையை மெல்லச் சொல்வார்கள். கசந்தால் விஷம் ஏறவில்லை, கசக்கவில்லை என்றால் விஷம் ஏறிவிட்டது. சாரல்நேசன், உங்களை ஏதாவது கடித்ததா?

16. மண்வெட்டி | 23 அக்டோபர், காலை 7.15

ராசா அண்ணே, என் அரை ஏக்கர் நிலவேம்புக்குள்ளேயே நல்ல பாம்பு சட்டை உரித்துப் போட்டிருந்தது. அதற்கு இந்த நம்பிக்கை தெரியாது போலிருக்கிறது.

கடித்த பிறகு இலை மென்று சோதனை செய்கிற வேலை வேண்டவே வேண்டாம். எங்கள் ஊரில் ஒருவர் அப்படி மென்றுகொண்டே ஒரு மணி நேரத்தை வீணாக்கினார். கட்டுவிரியன். அரசு மருத்துவமனையில் விஷமுறிவு ஊசி போட்டுப் பிழைத்தது அவர் மனைவி கட்டிய தாலியின் பலம்.

17. மட்டுறுத்துநர் | 23 அக்டோபர், காலை 9.00

பாம்புக்கடிக்கு இலை மெல்லும் சோதனை ஆபத்தானது. அந்தப் பேச்சு இத்துடன் முடிகிறது. தொடர்ந்தால் நீக்கப்படும். கேள்வி கசக்காத பொடியைப் பற்றியது.

18. மருந்தாளுநர்72 | 23 அக்டோபர், காலை 11.20

நான் அரசு மருத்துவமனையில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன். இழையை முதலிலிருந்து படித்துவிட்டு எழுதுகிறேன். எல்லோரும் பொட்டலத்தையே பார்க்கிறீர்கள், குடிக்கிறவரை யாரும் பார்க்கவில்லை. தோட்டத்துராசா மட்டும் கேட்டார், ஆனால் பாம்பைக் கொண்டுவந்து விட்டார்.

சாரல்நேசன் எழுதியதை மறுபடி படியுங்கள். வேர் வாசனை வருகிறது, அதாவது மூக்கு வேலை செய்கிறது. தொண்டையில் காரம் தெரிகிறது. சுக்கும் மிளகும் பொட்டலத்தில் இருக்கின்றன, காரம் நாக்கின் சுவை மொட்டு வழியாகத் தெரிவதில்லை, அது எரிச்சலை அறியும் வேறு நரம்பு. கசப்பு மட்டும் இல்லை. ஒன்பது சரக்கில் நிலவேம்பு கசக்கும், பேய்ப்புடலும் கசக்கும். இரண்டையுமா ஒரே நேரத்தில் விட்டுவிடுவார்கள்? அப்புறம் அந்த ரசம். உப்பில்லை, புளியில்லை என்று சொன்னீர்களே, வீட்டில் மற்றவர்களும் அப்படித்தான் சொன்னார்களா?

ஒரு வேலை செய்யுங்கள். அதே கஷாயத்தில் ஒரு கரண்டி வேறு யாருக்காவது கொடுத்துப் பாருங்கள். சிறு பிள்ளைக்கு வேண்டாம். நீங்கள் கொஞ்சம் உப்பையும் சர்க்கரையையும் தனித்தனியாக நாக்கில் வைத்துப் பாருங்கள்.

19. சாரல்நேசன் | 23 அக்டோபர், இரவு 7.30

ஐயா, கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

என் மனைவி ஒரு கரண்டி வாயில் ஊற்றினாள். அடுத்த நொடி வாஷ்பேசினில். பத்து நிமிஷம் வெல்லக்கட்டியை வாயில் அடக்கிக்கொண்டு என்னை முறைத்தபடி உட்கார்ந்திருந்தாள். அம்மாவும் குடித்துப் பார்த்தார், 'இதுக்கென்னடா குறைச்சல், முந்தினதை விடக் கசக்குது' என்றார்.

உப்பு மணல் மாதிரி இருக்கிறது. சர்க்கரையில் ஏதோ லேசாகத் தெரிகிற மாதிரி இருக்கிறது, அதுவும் சர்க்கரை என்று தெரிந்து போட்டதால் தோன்றுகிறதோ என்னவோ. யோசித்துப் பார்த்தால் முதல் பொட்டலத்தின் கடைசி நாட்களிலேயே கசப்பு குறைந்துவிட்டது. குடித்துக் குடித்துப் பழகிவிட்டது என்று பெருமையாக நினைத்துக்கொண்டேன்.

ரசத்தில் உப்பும் புளியும் சரியாகத்தான் இருந்திருக்கின்றன. மன்னிப்புக் கேட்டாகிவிட்டது. கடைக்காரரிடமும் கேட்க வேண்டும், நல்லவேளையாக அவரிடம் போய்ச் சண்டை போடவில்லை.

இப்போது பயமாக இருக்கிறது. இது கொரோனாவா?

20. மருந்தாளுநர்72 | 23 அக்டோபர், இரவு 8.05

பயப்படாதீர்கள், ஆனால் டாக்டரிடம் காட்டுங்கள். கொரோனாவில் பெரும்பாலும் வாசனையும் சேர்ந்து போகும், இருந்தாலும் நான் சொல்லி முடிவு செய்கிற விஷயம் அல்ல. வேறு மாத்திரை ஏதாவது எடுத்தீர்களா என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.

எனக்குச் சந்தேகம் அந்தக் கஷாயத்தின் மேலேயே. இந்தச் செடியின் சாரம் உள்ள மாத்திரைகள் ஆஸ்திரேலியாவில் சளிக்காகக் கடைகளில் விற்கின்றன. அங்குள்ள மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015ல் இதனால் கடும் ஒவ்வாமை வரலாம் என்று ஆராய்ந்து எச்சரித்தது. பிறகு, சாப்பிட்டவர்களுக்குச் சுவை மாறுவது, சுவையே போய்விடுவது பற்றியும் புகார்கள் வந்து அதற்கும் எச்சரிக்கை கொடுத்தார்கள். அந்த மாத்திரைகளில் சாரம் செறிவாக இருக்கும், நம் குடிநீர் அவ்வளவு இல்லை. ஆனால் நீங்கள் நாளுக்கு இருமுறை, மூன்று வாரம், டம்ளர் கணக்கில் குடித்திருக்கிறீர்கள். காய்ச்சலாலும் சுவை மங்கும் என்பதால் அடித்துச் சொல்ல மாட்டேன். முதலில் நிறுத்துங்கள்.

21. பாங்காக் பரமு | 23 அக்டோபர், இரவு 9.40

தாய்லாந்தில் வேலை பார்க்கிறேன். இங்கே இதற்கு ஃபா தலாய் ஜோன் என்று பெயர். வானம் இறங்கித் திருடனை அடிக்கும் என்கிற மாதிரி அர்த்தம் சொல்கிறார்கள். பெட்டிக்கடை மாதிரி இருக்கும் மருந்துக் கடையில்கூட மாத்திரை கிடைக்கும். 2021ல் கொரோனா உச்சத்தில் அரசே அனுமதித்துச் சிறைக் கைதிகளுக்கெல்லாம் கொடுத்தது. ஆனால் இங்கே அளவு கறார்: லேசான பாதிப்பு உள்ளவர்களுக்கு நாளைக்கு 180 மில்லிகிராம் ஆண்ட்ரோகிராபோலைடு, ஐந்து நாள். அதோடு சரி. நம் ஊர் டம்ளர் கணக்கைப் பார்த்துத் தலை சுற்றுகிறது. நம் கபசுரக் குடிநீரின் 15 சரக்கிலும் நிலவேம்பு இருக்கிறது அல்லவா? 2020ல் நான் ஊரில் மாட்டிக்கொண்டபோது அதையும் இதையும் சேர்த்தே குடித்தோம். இப்போது யோசித்தால்...

22. கல்வம் | 24 அக்டோபர், காலை 7.55

மருந்தாளுநர் ஐயா சொன்ன சுவை இழப்பை நான் பாடமாகப் படித்ததில்லை, நோயாளிகளிடம் கேட்டதும் இல்லை. 'வாய் கசக்கிறது, சாப்பாடு பிடிக்கவில்லை' என்று சொன்னவர்களுக்கெல்லாம் காய்ச்சல் வாய் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். இனிமேல் கேட்பேன். அளவையும் நாளையும் எழுதிக் கொடுத்தும் வீட்டில் பாட்டிமார்கள் நீட்டிக்கொண்டே போகிறார்கள், அது வேறு தலைவலி.

இன்னொரு விஷயம் நேற்று படித்தேன், சொல்லாமல் இருக்க முடியவில்லை. நாக்கில் கசப்பை அறியும் வாங்கிகள் சுமார் 25 வகை. அதில் ஐம்பதாம் எண் போட்ட ஒன்று இருக்கிறது. நிலவேம்பின் ஆண்ட்ரோகிராபோலைடும், சிரட்டாவின் அமரோஜென்டினும் இரண்டுமே அந்த வாங்கியைத் தட்டுகின்றன என்று 2009ல் கண்டுபிடித்திருக்கிறார்கள். நம் முன்னோர் ஒன்றுக்கு ஒன்று மாற்றாக எடுத்துக்கொண்டது எதனால் என்று பாருங்கள்! மருந்துக் குணம் ஒன்றா என்பது வேறு கேள்வி, நாக்குக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே ஆள்தான். அதனால் 'நன்றாகக் கசக்கிறது, அசல்தான்' என்று நாட்டு மருந்துக் கடையில் ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டுப் பார்க்கிறோமே, அது ஒன்றையும் நிரூபிக்காது. நானே அப்படித்தான் வாங்கிக்கொண்டிருந்தேன்.

23. சந்தேகப்பிராணி | 24 அக்டோபர், காலை 8.20

அம்மா, உங்களோடு சண்டை போட வந்தவன் நான். இப்படியே போனால் உங்களிடமே வைத்தியத்துக்கு வந்துவிடுவேன்.

24. மண்வெட்டி | 24 அக்டோபர், காலை 8.32

வாங்க வேண்டுமானால் நாலு பட்டைத் தண்டும் இலையும் தெரிகிற காய்ந்த செடிக் கட்டாக வாங்குங்கள். வீட்டில் ஒன்றிரண்டாக இடித்துக்கொள்ளலாம். அல்லது அரசு நிறுவனமான டாம்ப்கால் பாக்கெட் வாங்குங்கள், அளவும் அதிலேயே போட்டிருக்கும்.

25. சாரல்நேசன் | 24 அக்டோபர், மாலை 6.10

டாக்டரிடம் போய் வந்தேன். கொரோனா இல்லை. மூக்கு, வாய், காது எல்லாம் பார்த்தார். கஷாயக் கதையைச் சொன்னேன், சிரிக்காமல் கேட்டார். நிறுத்திவிட்டு இரண்டு வாரம் பார்ப்போம், அதற்குள் வராவிட்டால் வா என்றார். அம்மாவுக்குத்தான் வருத்தம். 'மருந்து நாக்கைத் தின்னுமா?' என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். மீதிப் பொட்டலத்தைத் தூக்கிப் போட மனமில்லாமல் சாமி அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறார். எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது.

26. வங்கத்து மருமகள் | 25 அக்டோபர், காலை 9.45

அம்மாவைக் கோபித்துக்கொள்ளாதீர்கள் தம்பி. என் மாமியாரும் இதே ரகம்தான். உருண்டைப் புட்டியை ஒளித்து வைத்த இடம் எனக்கும் தெரியும்.

27. சாரல்நேசன் | 4 நவம்பர், காலை 7.05

பத்து நாளாக எழுதாததற்கு மன்னிக்கவும். நாலைந்து நாளுக்கு முன்பு எலுமிச்சை ஊறுகாயில் முதலில் புளிப்பு தெரிந்தது. அப்புறம் உப்பு. இன்று காலை அம்மா கொடுத்த காபியை ஒரு வாய் குடித்துவிட்டு 'சர்க்கரை ஜாஸ்தி' என்றேன். அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்து, 'இன்னொரு தடவை சொல்லு' என்றார்.

கசப்பு இன்னும் முழுசாக வரவில்லை. பாகற்காய் வறுவல் வெள்ளரிக்காய் மாதிரி இருக்கிறது. என் மனைவி இந்த வாரத்தில் மூன்று தடவை பாகற்காய் சமைத்துவிட்டாள்.

28. மருந்தாளுநர்72 | 4 நவம்பர், காலை 8.40

மிக்க மகிழ்ச்சி. கசப்பு வந்ததும் சொல்லுங்கள். சோதிக்க நிலவேம்பை எடுக்க வேண்டாம்.

29. பாலைப்பழம் | 4 நவம்பர், காலை 11.10

மண்வெட்டி அண்ணை, விதை கொஞ்சம் மிச்சம் இருக்கிறதோ? குடிக்க இல்லை, பூ வடிவாக இருக்கும் என்றீர்கள், பார்க்கத்தான்.

30. மண்வெட்டி | 4 நவம்பர், இரவு 7.25

கடல் தாண்டி விதை அனுப்ப எனக்கு அனுமதி இல்லை தங்கச்சி, உங்கள் ஊர் ஹீன் பிம் கொஹொம்பவையே தேடிப் பாருங்கள். அதுவும் இதேதான் என்று நீங்கள்தானே சொன்னீர்கள். பூ வடிவு என்று நான் சொன்ன ஞாபகம் இல்லை, ஆனால் வடிவுதான்.

உள்ளூர்க்காரர்கள் கேட்டால் தருகிறேன். முருங்கைக்கு நடுவே தானாக முளைத்தது பத்துப் பதினைந்து செடி நிற்கிறது. பிடுங்க மனசில்லை.